வீட்டு உணவில் புதுமை: மலையடிவாரக் குடியானவர்களுக்கு ஒரு பாடம்

உணவுப் பொருள்களை விளைவிப்பவர் குடியானவர். ஆயினும் அவற்றைப் புதிய பக்குவங்களில் முதலில் ருசிப்பவர் பெரும்பாலும் நகரவாசியே. தோப்பில் பறித்த மாங்காய் லாரியேறிப் பட்டணம் சென்று, அங்கே பானமாகவும் பாகாகவும் புட்டிகளில் அடைக்கப்பட்டு, விளைந்த ஊரின் கடைக்கே பன்மடங்கு விலையில் திரும்பி வருகிறது. அதை விளைவித்தவர் வீட்டுக் குழந்தையே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறது. இந்நிலை மாறவேண்டுமாயின், ஒவ்வொரு குடியானவரும் தம் விளைபொருளை விற்பதற்கு முன் பலவிதமாக உண்டு பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். அவ்வழக்கத்தை எவ்வாறு தொடங்குவது, அதனால் விளையும் நன்மை யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

உதாரணத்திற்குத் தேனி ஜில்லா பெரியகுளம் தாலுகாவிலுள்ள கெங்குவார்பட்டியை எடுத்துக்கொள்வோம். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. மேலே மலைத்தோட்டங்களில் காப்பியும் மலைவாழையும் வெண்ணெய்ப்பழமும் விளைகின்றன. அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னையும் புளியும் முருங்கையும் உள்ளன. தென்மேற்கே சென்றால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள் தொடங்குகின்றன. ஒரு நாள் வண்டிப் பயணத்திற்குள் இத்தனை வகைப் பொருள்கள் கிடைக்கும் இடங்கள் நம் ராஜ்யத்தில் அதிகமில்லை. எனினும், அடிவாரத்து வீட்டின் அன்றாடச் சாப்பாட்டைப் பார்த்தால், சோறு, ஒரு குழம்பு, ஒரு தொடுகறி, மூன்று வேளைத் தேநீர் என்பதற்கு மேல் அது செல்வது அரிது.

1. நம் உணவு முழுவதும் பழமையானதன்று

புதிய உணவு என்றவுடன், "நம் முன்னோர் உண்ணாதது நமக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் தம் சமையலறையை ஒரு முறை நோக்குவாராக. மிளகாய், நிலக்கடலை, தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, முந்திரி, சௌசௌ ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. 1492-ஆம் வருஷம் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரும், 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டிற்குக் கடல்வழி கண்ட பின்னருமே அவை படிப்படியாக இத்தேசத்திற்கு வந்தன. அதற்கு முன் நம்மவர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். இன்று மிளகாயில்லாத குழம்பை நினைத்துப் பார்க்கவும் இயலாது. தக்காளியைச் சீமைத் தக்காளி என்றழைத்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

கம்பம் மெட்டுக்கு அப்பாலுள்ள நாட்டில் நிகழ்ந்தது இன்னும் தெளிவான உதாரணமாகும். திருவாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் பொருட்டு மரவள்ளிக் கிழங்குச் சாகுபடியை ஊக்கப்படுத்தினார். இன்று கிழங்கும் மீன்குழம்பும் அந்நாட்டின் ஜாதி அடையாளம்போல் ஆகிவிட்டன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் அயல்நாட்டுக் கொடியே. 1832-ஆம் வருஷம் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் அது தமிழகத்திற்குக் கொண்டுவரப்பட்டதென்று கூறுவர். அத்திராட்சைக்கே 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அயலிலிருந்து வந்த கொடி, வேரூன்றிப் பலர் வாயில் ருசித்த பிறகு, இம்மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இவற்றால் அறியத்தக்கது யாதெனில், ஒரு புதிய பொருள் நிலைபெறுவதற்கு நிலம் மட்டும் போதாது. அடுப்பும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதாம். உண்ணும் விதம் தெரியாத பயிர் சந்தையை மட்டுமே நம்பி நிற்கும். உண்ணும் விதம் தெரிந்த பயிருக்குச் சந்தை தவறினாலும் வீட்டில் ஓர் இடம் உண்டு.

2. இப்போது நேரும் இருவகை நஷ்டம்

முதலாவது, பொருள் நஷ்டம். சித்திரை, வைகாசி மாதங்களில் வீசும் கோடைக் காற்றில் முற்றாத மாங்காய்கள் உதிர்ந்துவிடுகின்றன. அடிபட்ட காய்க்கு வியாபாரி மதிப்பளிப்பதில்லை. பருவத்தின் உச்சத்தில், எல்லாத் தோப்பும் ஒரே சமயத்தில் பழுக்கும்போது, நல்ல பழத்திற்கும் பறிகூலியும் வண்டி வாடகையும் போக மிச்சம் நிற்பது அரிதாகிறது. செடி முருங்கையில் காய் மட்டும் சந்தைக்குப் போகிறது. கவாத்துச் செய்த கிளைகளின் இலை ஆட்டுக்குப் போகிறது, அல்லது வரப்பில் காய்ந்து உதிர்கிறது.

இரண்டாவது, தேக நஷ்டம். 2019-21 வருஷங்களில் நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 53 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேரும் இரத்தச் சோகை உடையவர்கள். இது நிலமற்ற ஏழையின் வீட்டில் மட்டும் காணும் குறையன்று. பத்து ஏக்கர் தோப்புடைய வீட்டிலும் காணப்படுவதே. கீரை வேலியில் நிற்க, வீட்டுப் பெண் வெளிறி நிற்பது நமக்குப் பெருமை தருவதன்று. வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. பலவகை உணவே உடலை நிறைக்கும். ஆகவே, தட்டில் புதிய பதார்த்தம் ஒன்று சேர்வதை வெறும் நாக்கின் விருப்பமென்று தள்ளிவிடலாகாது.

3. புதிய உணவைப் பரீட்சிக்கும் முறை

வயலில் புதிய விதையை எவ்விதம் ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்க்கிறோமோ, அவ்விதமே அடுப்பிலும் செய்தல் வேண்டும். அதற்குரிய விதிகள் வருமாறு.

(அ) தம் நிலத்தில் விளைவதும், இப்போது வீணாவதுமான பொருளையே முதலில் எடுத்துக்கொள்க. செலவில்லாத பரீட்சையில் தோல்வியும் நஷ்டமாகாது.

(ஆ) ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. பொருள் புதிதாயின் பக்குவம் பழகியதாக இருக்கட்டும். பக்குவம் புதிதாயின் பொருள் பழகியதாக இருக்கட்டும். வெண்ணெய்ப்பழத்தை அயல்நாட்டார்போல் ரொட்டியில் தடவித் தந்தால் பாட்டி தொடமாட்டார். துவையலாக அரைத்துத் தோசைக்குத் தந்தால் மறுமுறையும் கேட்பார்.

(இ) சிறிய அளவிலேயே செய்க. ஆளுக்கு ஒரு கரண்டி போதும்.

(ஈ) ஒரு முறை பிடிக்கவில்லையென்று கைவிடலாகாது. வாரம் ஒரு முறையாக மூன்று முறையேனும் செய்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். குழந்தைகள் புதிய ருசிக்குப் பழகப் பத்துத் தடவை வரையிலும் ஆகலாம். வற்புறுத்தி ஊட்டினால் வெறுப்பே வளரும். பெரியவர்கள் உண்பதைக் கண்டால் குழந்தை தானே கைநீட்டும்.

(உ) அளவையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்டிர் கைப்பழக்கத்தாலேயே அளவறிந்து சமைப்பர். அத்திறமை பெரிதெனினும், எழுதாத அளவு அடுத்த வீட்டிற்குச் செல்லாது, விற்பனைக்கும் உதவாது.

மேலும் ஒன்று. புதிய பக்குவத்தைச் செய்யுமாறு வீட்டுப் பெண்களுக்கு உத்தரவிட்டுவிட்டுத் திண்ணையில் அமர்வது முறையன்று. காயைப் பொறுக்கி வருதல், கீரையை ஆய்தல், பாத்திரம் கழுவுதல் முதலியவற்றில் ஆடவர் பங்குகொண்டாலன்றி, இப்பரீட்சை இரண்டாம் வாரத்தைத் தாண்டாது.

இனி, அடிவாரத்துப் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க சில பக்குவங்களைக் காண்போம்.

4. உதிர்ந்த மாங்காயில் பானகம்

பானகம் நமக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்து வழங்குகிறோம். வட இந்தியர் கோடையில் மாங்காயைச் சுட்டுப் பிசைந்து ஆம் பன்னா என்னும் பானம் செய்கின்றனர். இவ்விரண்டையும் இணைத்தால் நம் தோப்புக்குப் பொருத்தமான பானம் கிடைக்கிறது. ஓரளவு பருத்த, புளிப்புள்ள எந்த ஜாதி மாங்காயும் இதற்கு உதவும்.

அடிபட்டாலும் அழுகாத காய் 1 கிலோ எடுத்து, காம்பைக் கிள்ளிப் பால் வடியவிட்டு நன்றாகக் கழுவுக. தணலில் சுட்டோ, முழுதாக வேகவைத்தோ மெதுவாக்கிக்கொள்க. தோலையும் கொட்டையையும் நீக்கிச் சதையைப் பிசைந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கிடைக்கும். அரைக் கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி வரும்வரை காய்ச்சி, அதில் சதையைச் சேர்த்துச் சிறிது நேரம் கிளறி இறக்குக. இரண்டு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி வறுத்த சீரகப் பொடி, அரைத் தேக்கரண்டி மிளகுப் பொடி, ஆறு ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இவ்விழுதில் ஒரு பங்கிற்கு நான்கு பங்கு பானை நீர் விட்டுக் கலக்கினால் பானகம் ஆயத்தம். ஒரு கிலோ காயிலிருந்து சுமார் 25 தம்ளர் பானம் கிடைக்கும். விழுதைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரையில் உபயோகிக்கலாம். குளிர்பெட்டியில்லாத இடத்தில் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

வெயிலில் காய் பறிக்கும் ஆட்களுக்கு வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தேநீரைக் காட்டிலும் உப்பும் வெல்லமும் கலந்த இப்பானகம் அவ்விழப்பை நன்கு ஈடுசெய்யும். பறிப்புக் காலத்தில் காலை பதினொரு மணிக்கு ஒரு குடம் பானகம் தோப்பில் வைப்பது தர்மம் மட்டுமன்று, நல்ல நிர்வாகமுமாகும்.

பழுத்த பழம் மலிந்து விலை வீழ்ந்த நாட்களில் ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களின் வழக்கம் நமக்கு வழிகாட்டும். அங்கே மாம்பழச் சாற்றைச் சர்க்கரையோடு கலந்து, பாயின்மேல் மெல்லிய படலமாகத் தடவி வெயிலில் காயவைத்து, அதன்மேல் மறுநாள் மற்றொரு படலம் தடவி, இவ்விதம் பல நாள் அடுக்கி, மாமிடி தாண்ட்ரா என்னும் பண்டம் செய்கின்றனர். ஈ மொய்க்காமல் மெல்லிய துணியால் மூடிச் செய்தால், அப்பழத்தின் ருசியைப் பருவம் கடந்த பின்னும் வைத்திருக்கலாம். முதல் முயற்சிக்கு இரண்டு கிலோ பழம் போதும்.

5. முருங்கை இலைப் பொடி

பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியின் பயனாக 1989-ஆம் வருஷம் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடி முருங்கை, போத்து நட்டு வளர்த்த பழைய மர முருங்கையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. விதையிட்டு ஆறு மாதத்தில் காய் தருவது இதன் சிறப்பு. காய்ப்பு முடிந்தபின் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துக் காய்க்கும். அவ்வாறு வெட்டப்படும் கிளைகளில் உள்ள இலையின் அளவு கொஞ்சமன்று.

முருங்கை இலையில் சுண்ணாம்புச் சத்தும், இரும்பும், உடலில் ஏ ஜீவசத்தாக மாறும் காரட்டீன் என்னும் பொருளும் உள்ளன. கீரையாகப் பொரியல் செய்வதை யாவரும் அறிவர். ஆயினும் ஆய்வதற்கு நேரமாகும் காரணத்தாலேயே பல வீடுகளில் அது வாரம் ஒரு முறைக்கு மேல் அடுப்பேறுவதில்லை. பொடியாகச் செய்து வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

பூச்சியற்ற இலைகளை உருவி, கழுவி, நீர் வடித்து, வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. வெயிலில் உலர்த்தினால் நிறமும் சத்தும் குறையும். கையில் நொறுங்கும் பதம் வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். பச்சை இலையின் எடை நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். உலர்ந்த இலை 50 கிராமுக்கு உளுத்தம்பருப்பு 50 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், வற்றல் மிளகாய் 10, சீரகம் ஒரு தேக்கரண்டி, சிறு நெல்லிக்காயளவு புளி, தேவையான உப்பு என்னும் விகிதத்தில், பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து, ஆறியபின் இலையோடு சேர்த்துப் பொடித்து, ஈரமற்ற பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். சுடுசோற்றில் நல்லெண்ணெயோடும், இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும், அடை மாவில் கலக்கவும் இப்பொடி உதவும்.

இதனுடன் இரண்டு விஷயங்களை நினைவிற் கொள்க. கீரையிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா முதலிய சி ஜீவசத்துள்ள பொருள்களை உடன் உண்டால் அதிகம் சேரும். சாப்பாட்டோடு காப்பியோ தேநீரோ குடித்தால் குறையும். ஆதலின் கீரை உண்ட வேளைக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி இருத்தல் நலம். சோகை மிகுந்தவர் உணவை மட்டும் நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து மருந்தும் பெற வேண்டும். மற்றொன்று, காய்க்காகப் பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையைப் பறித்து உண்ணலாகாது. வீட்டு உபயோகத்திற்கென்று கிணற்றடியில் இரண்டு செடிகளை மருந்து படாமல் தனியே வைத்துக்கொள்வதே சிறந்தது.

6. வெண்ணெய்ப்பழத் துவையல்

மத்திய அமெரிக்காவில் தோன்றிய வெண்ணெய்ப்பழம் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் காப்பித் தோட்டங்களின் இடையே நெடுநாளாக விளைகிறது. கொடைக்கானல் மலைச்சாலையில் இறங்கி வரும் இப்பழத்தை அடிவாரத்தார் பலர் கண்டதுண்டு, வாங்கியதில்லை. இனிப்பை எதிர்பார்த்துக் கடித்தவர் ஏமாந்து எறிந்ததே அதற்குக் காரணம். இது மாம்பழத்தைப் போன்ற பழமன்று. கொழுப்புச் சத்து மிக்கதாகலின் தேங்காயின் இனத்தில் வைத்து எண்ணத்தக்கது. அவ்வெண்ணம் வந்துவிட்டால் பக்குவமும் தானே தோன்றும்.

காயாக வாங்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்து, விரலால் அழுத்தினால் சற்றுக் குழியும் பதம் வரும்வரை பழுக்கவிடுக. ஒரு பழத்தின் சதையோடு பச்சை மிளகாய் இரண்டு, கொத்துமல்லித் தழை ஒரு கைப்பிடி, இஞ்சி சிறு துண்டு, உப்பு, அரை எலுமிச்சையின் சாறு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தனியே தாளித்து மேலே கொட்டுக. சதையை அடுப்பிலேற்றிச் சூடாக்கலாகாது, கசந்துவிடும். எலுமிச்சைச் சாறு புளிப்பிற்கு மட்டுமன்றி, துவையல் கறுக்காமலிருப்பதற்கும் வேண்டும். அரைத்த வேளையிலேயே உண்டு முடிக்க வேண்டும்.

மலையில் நிலமுடையவர்கள் இம்மரத்தைச் சாகுபடிக்கு எடுத்துக்கொள்ளுமுன் தம் வீட்டில் இத்துவையலைச் செய்து பார்ப்பாராக. தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இப்பழத்தில் டி.கே.டி. 1 என்னும் ரகத்தை வெளியிட்டுள்ளது. அடிவாரத்துச் சந்தையில் உள்ளூரார் வாங்கத் தொடங்கினால், தொலைவிலுள்ள பட்டணத்து வியாபாரி ஒருவரையே நம்பியிருக்கும் நிலை மலைத்தோட்டக்காரருக்கு நீங்கும்.

7. பன்னீர்த் திராட்சைப் பாகு

கம்பம், கூடலூர், சின்னமனூர் பகுதிகளில் விளையும் பன்னீர்த் திராட்சை ஏறக்குறைய வருஷம் முழுவதும் கிடைப்பது. தோல் மெல்லியதாகையால் நெடுந்தூரம் தாங்காது. மழையில் வெடித்த பழமும், குலையிலிருந்து உதிர்ந்த பழமும் மலிவாகக் கிடைக்கும். பூஞ்சணமற்றவற்றைப் பொறுக்கிக்கொண்டால் சாற்றுக்கு அவையே போதும்.

இரண்டு கிலோ பழத்தைப் பலமுறை கழுவி, ஒரு பாத்திரத்தில் கையால் நசுக்குக. கொட்டை உடைந்தால் துவர்ப்பேறுமாதலின் இயந்திரத்தில் அரைக்கலாகாது. கைபொறுக்காத சூடு வரும்வரை இளந்தீயில் வைத்து, கொதிக்கவிடாமல் பத்து நிமிஷம் கிளறினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். துணியில் வடிகட்டி, குளிர்பெட்டியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் உப்புப் போன்ற வண்டல் படியும். அதை விட்டுத் தெளிந்த சாற்றை 1 லிட்டர் எடுத்துக்கொள்க. ஒன்றேகால் கிலோ சர்க்கரை, முக்கால் லிட்டர் நீர், 20 கிராம் சிட்ரிக் அமிலம் மூன்றையும் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் சாற்றைக் கலந்தால் சுமார் 3 கிலோ பாகு கிடைக்கும். கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்துப் பத்து நாளுக்குள் உபயோகிக்கலாம். நீண்ட நாள் வைப்பதாயின், இவ்வளவு பாகுக்கு 1½ கிராம் சோடியம் பென்சோயேட்டை வெந்நீரில் கரைத்துச் சேர்ப்பர். இதைக் கண்ணளவாகப் போடாமல் தராசில் நிறுத்தே போடவேண்டும். ஒரு பங்கு பாகுக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர் சேர்த்துப் பருகலாம். சர்க்கரை மிகுதியாதலால் விருந்தினருக்கும் விசேஷ நாட்களுக்குமே இது ஏற்றது. நீரிழிவுள்ளோர் விலக்க வேண்டும்.

8. பழைய தானியம், புதிய பக்குவம்

புதுமை யாவும் அயலிலிருந்தே வரவேண்டுமென்பதில்லை. மறந்ததை மீண்டும் உண்பதும் புதுமையே. இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று. மானாவாரி நிலமுள்ளோருக்குச் சாமையும் குதிரைவாலியும் தெரியாதவையல்ல. பிள்ளைகளுக்கே அவை தெரியாதவை. ஒன்றை மட்டும் மாற்றுக என்று முன் கூறிய விதியை இங்கே பின்பற்றலாம். முதல் வாரம் இட்லி மாவில் அரிசியின் கால் பங்குக்குக் குதிரைவாலியைச் சேர்க்கவும். அடுத்த வாரம் பாதியாக்கவும். யாரும் முகம் சுளிக்காவிடில் மூன்றாம் வாரம் முழுவதையும் மாற்றலாம். நான்கு பங்கு குதிரைவாலிக்கு ஒரு பங்கு உளுந்து சரியாக இருக்கும்.

9. எச்சரிக்கை

புதிய உணவைத் தேடுவதென்பது அறியாததை வாயிலிடுவது அன்று. பெயரும் குணமும் தெரியாத காட்டுக் காளானையும் கிழங்கையும் பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. மருந்துப் பயிராகச் சாகுபடியாகும் கண்வலிக் கிழங்கு என்னும் செங்காந்தள் உயிரைப் போக்கும் நஞ்சுடையது. மரவள்ளியைத் தோல் நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்தே உண்ண வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணலாகாது. அடிபட்ட பழம் உபயோகமாகும். அழுகிய பழம் ஆகாது. அழுகிய பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பானத்தில் சேர்க்கும் சிக்கனம் வைத்தியச் செலவில் முடியும்.

10. வீட்டிலிருந்து சந்தைக்கு

மூன்று முறை வீட்டிலும், பின்னர் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றிலும் விரும்பி உண்ணப்பட்ட பண்டமே விற்பனைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது. அப்போது நோட்டிலுள்ள அளவுகள் உதவும். பொருளின் விலை, விறகு அல்லது எரிவாயு, புட்டி, பாடுபட்டவர் கூலி ஆகிய யாவற்றையும் கூட்டி அடக்க விலையைக் காணவேண்டும். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கு பொய்க் கணக்காகும். விற்பனைக்குச் செய்வோர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்று, புட்டியின்மேல் தயாரித்த தேதி முதலிய விவரங்களை அச்சிட வேண்டும்.

எல்லாரும் வியாபாரியாக வேண்டும் என்பதன்று இதன் கருத்து. பத்து வீடுகளில் ஒன்பது வீடுகள் தம் தேவைக்கு மட்டும் செய்தாலும் லாபமே. கடையில் வாங்கும் வர்ணநீர்ப் புட்டிகளின் செலவு மிஞ்சும். வீணான பொருள் உணவாகும். விலை வீழ்ந்த நாளில், "இன்று பறிக்காமல் நாளை பறிப்போம், இன்று உதிர்ந்ததை வீட்டில் பாகாக்குவோம்" என்று வியாபாரிக்கு நின்று பதில் சொல்லும் தைரியமும் ஓரளவு உண்டாகும். அத்தைரியம் வேறெந்த வழியிலும் எளிதில் வருவதன்று.

11. கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சி, பேரூராட்சி மன்றத்தாரும் இதில் பெரிதும் உதவக்கூடும். மே மாதம் 1-ஆம் தேதி ஊராட்சிகளில் கூடும் கிராம சபை மாங்காய்ப் பருவத்தின் நடுவே வருகிறது. அன்று தேநீருக்குப் பதிலாக மாங்காய்ப் பானகம் வழங்கி, அதன் அளவைப் பலகையில் எழுதி வைத்தால், நூறு பிரசங்கம் செய்யாததை ஒரு குடம் செய்யும். பேரூராட்சியான கெங்குவார்பட்டி போன்ற ஊர்களில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் இதனை நடத்தலாம்.

பள்ளிச் சத்துணவின் வரலாறும் இங்கே நினைவுகூரத் தக்கது. காமராஜர் 1956-இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கியதும் பசியைத் தீர்த்தமை மட்டுமன்றி, ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்தின. ஒரு பிள்ளை உண்பதைப் பார்த்து மற்றொரு பிள்ளை உண்ணப் பழகுவது அப்பந்தியில்தான். மருந்து தெளிக்காத முருங்கைக் கீரையை மிகுதியாக உடைய குடியானவர்கள், தலைமையாசிரியரின் அனுமதியோடு, வாரம் ஒரு நாள் பள்ளிச் சமையலுக்கு அளித்தால், ஊர்ப் பிள்ளைகள் யாவருக்கும் அது சேரும். பள்ளித் தோட்டத்தில் இரண்டு முருங்கையும் ஒரு நெல்லியும் ஒரு கொய்யாவும் நடுவது இதனினும் நிலையான உதவியாகும்.

முடிவாக, இப்பாடத்தை வாசிக்கும் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முற்பட வேண்டியதில்லை. மாந்தோப்புடையவர் அடுத்த கோடைக் காற்றில் உதிரும் முதல் கூடையையும், முருங்கையுடையவர் அடுத்த கவாத்தின் ஒரு கட்டுக் கிளையையும் இதற்கென்று ஒதுக்கி வைப்பாராக. செய்து, உண்டு, அளவை எழுதி, அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாராக. விதையை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டு வேளாண்மையை வளர்த்தவர்கள் நம் முன்னோர். பக்குவத்தையும் அவ்வாறே மாற்றிக்கொண்டால் விளைந்த பொருள் வீணாகாது. விளைவித்தவர் உடலும் வாடாது.